யவன ஜாடியின் கைப்பிடி

சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மேட மாதத்து வெயிலில் கருவாடு காயும் கடற்கரையில் பட்டாபி சார் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். இந்த மீனவக் கிராமத்தின் சரித்திரம் எழுத வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் கிரேக்கக் கப்பல்காரர்கள் குடியேறிய ஊர் என்பது அவர் கட்சி. சாட்சி, மீன்காரி த்ரேசியாவின் வலையில் சிக்கிய யவன ஜாடியின் கைப்பிடி. செதில் ஒட்டிய கையால் அவள் அதை நீட்டுகிறாள். "கீழ வச்சுடு, கேட்டியா" என்கிறார். அவள் மணலில் வைத்துவிட்டு, பழகிய தூரத்துக்கு விலகி நிற்கிறாள். ஒரு ஈ வந்து அதில் உட்காருகிறது. "திரவியம், கொஞ்சம் ஜலம் விடும்." கூஜா என் கையில். பட்டணத்து ஆரியசாலையிலிருந்து நான்தான் சுமந்து வந்தேன். சாய்க்கிறேன். மூன்று தரம் அலம்பவிட்டு, அந்தக் கைப்பிடியை எடுத்துப் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். "எப்பேர்ப்பட்ட வம்சம் பாரும். இவா தேகத்துல ஓடறது யவன ரத்தமாக்கும்." த்ரேசியா உலர்ந்த உதட்டை முந்தானையால் துடைக்கிறாள். "சாரே, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தருமா?" பட்டாபி சார் கூஜாவைப் பார்க்கிறார், பிறகு என்னை. "தீந்து போச்சு" என்கிறேன். கூஜாவை மறு கைக்கு மாற்றும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது மூன்று பேருக்கும் கேட்கிறது.