இருபத்தாறு கிராம்

"குடிச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

கணக்கு மிஸ் பாட்டிலைப் பிடுங்கிய வேகத்தில் மூடி தெறித்து மேசைக்கடியில் உருண்டது. சாக்லேட் பாலை உறிஞ்சிக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பட்டாணி எழுந்து நின்றாள். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் வந்த பெயர், அதில் அவளுக்கு வருத்தமில்லை. இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே உள்ளே வந்திருந்தாள், பாட்டிலும் கையுமாக.

"இல்ல மிஸ். இப்பதான் திறந்தேன்."

"ஒரு மடக்குகூட?"

"ஒரு மடக்குகூட இல்ல மிஸ். நர்ஸ் அக்கா..."

"நர்ஸ்கிட்ட நான் பேசிக்கறேன். நீ நாக்கைக் காட்டு."

காட்டினாள். நாக்கில் பழுப்பு ஒட்டியிருக்கவில்லை. மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய வகுப்புக்கு ஆளுக்கொரு பாட்டில் சாக்லேட் பால் என்று தலைமையாசிரியை அறிவித்திருந்தார். மிஸ் இந்தப் பள்ளிக்கு வந்து நாலே நாள்தான் ஆகிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சர்க்கரை நோய், கவனம்' என்று இருந்ததை முதல் நாளே மனதில் குறித்துக்கொண்டுவிட்டார். அவருடைய அப்பாவுக்கு அந்த நோயில் ஒரு கால் போயிருந்தது. இன்னொருவருக்கு அப்படி ஆவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

பாட்டிலைத் திருப்பி லேபிளை உரக்கப் படித்தார்.

"எல்லாரும் கேளுங்க. இருநூறு மில்லியில மாவுச்சத்து இருபத்தாறு கிராம். அதுல சர்க்கரை மட்டும் இருபத்துமூணு. கிட்டத்தட்ட ஆறு ஸ்பூன். நீங்க ஓடி ஆடிக் கரைச்சுடுவீங்க. இவளுக்கு இது பால் இல்ல, விஷம்."

சொன்ன கையோடு வகுப்பு மூலையிலிருந்த வாஷ்பேசினில் மொத்தத்தையும் கவிழ்த்தார். பட்டாணி கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அழுதா ஆச்சா? இந்த லேபிள்ல இருக்கறதை இருபது தடவை எழுது. அப்பதான் மண்டையில ஏறும்."

ஆற்றல் நூற்றெழுபத்துமூன்று கலோரி. மாவுச்சத்து இருபத்தாறு கிராம். புரதம் ஆறு. கொழுப்பு ஐந்து. பட்டாணி எழுத ஆரம்பித்தாள். மிஸ் கரும்பலகையில் பின்னத்தைத் தொடங்கினார், பாதிக் கண் அவள் மேலேயே இருந்தது.

அரை மணி நேரம் கழித்து நோட்டைப் பார்க்க வந்தார். முதல் ஏழு தடவை எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதற்குப் பிறகு வரிகள் சரிந்தன, புரதம் இரண்டு முறை வந்தது, கொழுப்பைக் காணோம்.

"என்ன இது, கோழி கிளறின மாதிரி? என் மேல கோபமா?"

"தெரியல மிஸ்."

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவள் நெற்றி வியர்த்திருந்தது. பென்சில் பிடித்த விரல்கள் நடுங்கின. மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. வரும் வழியில் குடித்துவிட்டு நாக்கைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பாளோ?

"உண்மையைச் சொல்லு. வேற பாட்டில் ஏதாவது குடிச்சியா? நான் திட்ட மாட்டேன்."

"இல்ல மிஸ். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"சர்க்கரை ஏறிடுச்சு," என்று முணுமுணுத்த மிஸ், வகுப்புத் தலைவியை நர்ஸிடம் விரட்டினார். அவள் ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள். யாருக்கோ கால் பிசகிவிட்டதாம், நர்ஸ் மைதானத்தில் இருக்கிறாராம்.

"மைதானத்துக்கே போ. கையோட கூட்டிட்டு வா."

திரும்பினால், பட்டாணியின் கை பக்கத்து இருக்கைக்காரியின் பாட்டிலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மிஸ் பாய்ந்து அதையும் பிடுங்கினார்.

"அடுத்தவ பாட்டில்லயும் கை வைக்கறியா? உனக்குப் பயமே கிடையாதா?" தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இந்தா, தண்ணி குடி. நிறையக் குடி. சர்க்கரை இறங்கட்டும்."

பட்டாணி தண்ணீரை வாங்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரியாதவள் போலப் பார்த்தாள். பிறகு தலையை நோட்டின் மேல் சாய்த்துக்கொண்டாள்.

மூச்சிரைக்க வந்த நர்ஸ் வாசலிலிருந்தே கேட்டார். "பட்டாணி, பாலை முழுசாக் குடிச்சியாடா?"

"நான் விடுவேனா சிஸ்டர்?" மிஸ் முந்திக்கொண்டார். "வாய்கிட்ட கொண்டுபோகும்போதே பிடுங்கிக் கொட்டிட்டேன். ஆனா எங்கேயோ திருட்டுத்தனமா குடிச்சிருக்கா. எப்படி ஏறியிருக்கு பாருங்க."

நர்ஸ் இரண்டே எட்டில் வந்து பட்டாணியை மடியில் சாய்த்து, பையிலிருந்த குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, விரலில் குழைத்து அவள் கன்னத்தின் உட்பக்கம் தடவினார். மறுபடி தடவினார்.

மிஸ் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். "என்ன சிஸ்டர் பண்றீங்க? இவளுக்குப் போய்ச் சர்க்கரையா?"

நர்ஸ் கையை உதறி விடுவித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏறல, இறங்கிடுச்சு. அவ அந்தப் பாலைக் குடிப்பான்னு நம்பி, முன்னாடியே இன்சுலின் போட்டுட்டேன் மிஸ்."