அடிமெத்தை

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில், ஓடிவந்து தாண்டும் வால்ட் மேசைக்கு அப்பால் ஆறு மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது கட்டாந்தரை மாதிரி கெட்டியான ஒன்று. நாலு விரல் கனம்கூட இருக்காது.

போட்டியில் பழைய தாவலுக்கு மார்க் போதாதென்று, பெனிட்டா அந்தரத்தில் இரண்டு குட்டிக்கரணம் போடுகிற தாவலைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவள் வந்து விழும்போதெல்லாம் மேல்மெத்தைகள், "நாங்க இருக்கோம்ல, நீ ஏன் பதறுறே?" என்று அடிமெத்தையை அதட்டும்.

போட்டியன்று ஒற்றை மெத்தைதான் என்பதால், அவள் தேறத் தேற கோச் வாரத்துக்கு ஒரு மெத்தையாக மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். தைரியம் சொன்னவையெல்லாம் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டன.

இன்று மிச்சம் அடிமெத்தை மட்டும்தான். இரண்டாவது கரணம் பாதியில் நின்றால் அவள் கழுத்து தன்மேல்தான் இறங்கும் என்று அதற்குத் தெரியும்.

ஓடிவந்த காலடிச் சத்தம், எம்பிக் குதிக்கும் பலகைக்கு முன்னால் சட்டென்று நின்றது. பெனிட்டா மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது.

"நீ மட்டும்தானா?"

"ஆமா. பயமா இருக்கா?"

"சேச்சே! உனக்கு?"

"எனக்கென்ன பயம்?" என்றது மெத்தை.

அவள் திரும்பிப் போனாள். சுவரோரம் சாய்ந்திருந்த ஐந்தும் மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை காலடிச் சத்தம் பலகைக்கு முன்னால் நிற்கவில்லை.