வண்டியில் இடமில்லை

"அண்ணி, ஃபைலைக் குடுங்க. இறப்புச் சான்றிதழ், தூதரகக் கடிதம் எல்லாம் காட்டினாத்தான் ஏர்போர்ட்ல அண்ணன் உடலைத் தருவாங்க," என்றான் கொழுந்தன், வண்டியின் முன் இருக்கையிலிருந்து இறங்கியபடி.

அவள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நானே போய் வாங்கிக்கறேன்."

"அங்க கால் கடுக்க நிக்கணும் அண்ணி. வண்டியில இடமும் இல்ல. பின்னாடி பெரியப்பாவும் மாமாவும் உக்காந்தாச்சு."

"அப்ப யாராவது ஒருத்தர் இருந்துக்கட்டும்."

அவன் முகம் சுண்டிப்போனது. "என் மேல நம்பிக்கை இல்லையா? அவர் சாமானை நானா சுருட்டிக்கப் போறேன்?"

"சாமானெல்லாம் நீயே வெச்சுக்க தம்பி."

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அவரு ஒவ்வொரு தடவை லீவுல வரும்போதும் இதே பேச்சுதான். இடமில்ல, நீ வீட்ல இருன்னுட்டு எல்லாரும் கிளம்பிடுவீங்க. அவரு வெளிய வந்ததும் கூட்டத்துல என் முகத்தைத்தான் தேடுவாராம். 'ஒருநாளாவது வந்து நில்லேன்'னு கேட்டுக்கிட்டே இருந்தாரு." அவள் குரல் இறங்கியது. "ஒரு தடவைகூட நான் போனதில்ல."

கொழுந்தன் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"ஏறுங்க அண்ணி. நான் வீட்ல இருக்கேன். நீங்க போய் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."