ஓடாத வண்டிக்குப் புதுப் பேட்டரி

"அந்த வண்டி இனிமே ஓடவே கூடாதுண்ணே. எப்படியாவது செஞ்சு குடுங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வண்டியை ஓட வைக்கச் சொல்லித்தான் எல்லாரும் அவருடைய பட்டறைக்கு வருவார்கள். ஓடாமல் செய்யச் சொல்லி வந்த முதல் ஆள் நீச்சல் கோச்சின் மனைவிதான்.

கோச்சின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் மெக்கானிக்கின் கைபடாத திருகாணி கிடையாது. சைலன்சரை மாற்றியது, உயரத்தைக் குறைத்தது, இன்ஜினுக்கு வேகம் கூட்டியது எல்லாம் அவர்தான். கட்டினவளுக்கு ரெண்டு கதவு வைத்த சக்களத்தி என்று தெருவே அந்தக் காரைக் கேலி பேசும். சக்களத்திச் சண்டை ஒருவழியாகப் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"வீட்டுச் சண்டையை வீட்டுலயே முடிச்சுக்கங்கம்மா. நடுவுல என்னை எதுக்கு இழுக்கிறீங்க?"

"சண்டை இல்லண்ணே." அவள் குரல் இறங்கியது. "போன வாரம் சிக்னல்ல பச்சை விழுந்தும் வண்டி நகரல. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. திரும்பிப் பாத்தா கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்ல. அப்புறமா என்னைப் பாத்து, எதுக்கு இவ்வளவு சத்தம்னு கேக்கிறார்."

அது ஒருவகை வலிப்பாம். எப்போது வேண்டுமானாலும் திரும்ப வருமாம். நீச்சல் குளம், வண்டி இரண்டையுமே தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளத்தை விட்டுவிட்ட கோச், வண்டியை மட்டும் விட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

"சாவியை ஒளிச்சு வச்சேன். பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து வேற சாவி பண்ணிட்டார். ஓடுற வண்டியில அப்படி ஆச்சுன்னா அவர் மட்டுமா போவார்? எதிர்ல வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

மெக்கானிக் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார். மறுநாளே சர்வீஸ் என்ற சாக்கில் போய், டிரைவர் சீட்டுக்கு அடியில், விரிப்புக்குள் ஒரு சின்ன சுவிட்சை மறைத்து வைத்தார். அதை அணைத்துவிட்டால் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எதிர்பார்த்தபடியே கோச் போன் செய்தார்.

"பேட்டரி உட்கார்ந்துடுச்சு கோச்." சொல்லும்போதே மெக்கானிக்குக்கு வாய் கூசியது.

"அப்படின்னா நல்லதாவே போட்டுடு மச்சான். ரேஸ் வண்டிக்குப் போடுற லித்தியம் பேட்டரி. எடையும் குறையும்."

லித்தியம் பேட்டரி வந்தது. 'டிக்.' தடித்த வயர் இழுத்தார்கள். 'டிக்.' "நிக்கிறதுதான் நிக்குது, இந்த நேரத்துல டர்போவைப் பெரிசாக்கிடலாம்" என்றார் கோச். நகராத வண்டிக்குக் குதிரைச் சக்தி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மெல்லிய ரேஸ் ஷூ இல்லாமல் பெடலைத் தொடாத மனிதர், இப்போதெல்லாம் வீட்டுச் செருப்போடுதான் கார் ஷெட்டுக்கு வந்தார். உட்காருவார், சாவியைத் திருகுவார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு நெஞ்சில் முள் தைக்கும். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

மெக்கானிக்குக்கு முந்தியே கோச்சின் மனைவி உடைந்துபோனாள்.

"எடுத்துடுங்கண்ணே" என்றாள் போனில். "சோத்துத் தட்டுக்கு முன்னாடியும் அப்படியே உட்கார்ந்திருக்கார். உயிரோட இருக்கணும்னு நினைச்சேன். இப்ப அவர் இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

"வேண்டாம்மா, யோசிச்சு..."

"நானும் கூட உட்கார்ந்து போறேன். ஆனது ஆகட்டும்."

அவள் அழுத அழுகையில் மெக்கானிக் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் போய், கோச் வருவதற்குள் சுவிட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயர்களை நேராக இணைத்துவிட்டார்.

"இப்பப் போட்டுப் பாருங்க கோச்."

கோச் சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமிய உறுமலில் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. வாசலில் நின்றிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நானும் வர்றேன். புடவையை மாத்திட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினாள்.

கோச் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, திறந்த கேட்டுக்கு வெளியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"என்ன கோச், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

கோச் இன்ஜினை அணைத்தார். வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"மச்சான், அவ வர்றதுக்குள்ள அந்த சுவிட்சைத் திரும்ப வச்சுடு."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த... எந்த சுவிட்சு?"

"இந்தத் தடவை என் கைக்கு எட்டாத இடமா பாத்து வை."