கழற்றிய பல்சக்கரம்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன வைரக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார்.

டில்லர் இல்லை. எஞ்சின் இல்லை. கிரீஸ் வாடைகூட இல்லை.

சுவர் முழுக்கச் செல்போன் உறைகள் தொங்கின.

அவர் கையில், துண்டில் முடிந்த பல்சக்கரம் இருந்தது. நேற்று டில்லரை ஓட்டி உழுதுகொண்டிருக்கும்போதே மடாரென்று பல் போய்விட்டது. விடிந்ததும் டில்லரைப் பிரித்து, சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எடுத்துவந்திருந்தார்.

எப்போதும் அப்படித்தான். சாமான் பெயரெல்லாம் யாருக்குத் தெரியும்? உடைந்ததைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால் போதும். கடைக்காரர் சிங்காரவடிவேலு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அதே மாதிரி ஒன்றை எடுத்துவருவார்.

நடவு நேரத்தில் இல்லையென்று சொன்னதே கிடையாது. கையிருப்பு தீர்ந்திருந்தால், வாசலில் விற்பனைக்கு நிற்கும் புது வண்டியிலிருந்தே கழற்றிக் கொடுத்துவிடுவார். முதலில் உழுங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பார். மகராசன்.

இந்த டில்லரையும் போன வருஷம் அவரிடம்தான் வாங்கியது.

"டீலர் கடையா? அது சித்திரையிலயே மூடியாச்சு, பெரியவரே," என்றான் செல்போன் கடைக்காரன். "அவரு பின்னாடி வீட்லதான் இருக்காரு. போய்ப் பாருங்க."

சிங்காரவடிவேலு பனியனோடு வெளியே வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். துண்டை அவிழ்த்துச் சக்கரத்தைக் கையில் வாங்கி, பழைய பழக்கத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு வண்டி வித்தாத்தான் ஆச்சுன்னு கம்பெனியில கழுத்துல துண்டப் போட்டாங்க, வைரக்கண்ணு. என்னால முடியல. டீலர்ஷிப்பப் புடுங்கித் திருச்சியில ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க."

"அதெல்லாம் கெடக்கட்டும். நாத்து முத்திக்கிட்டு நிக்குதே, இப்ப நான் என்ன பண்றது?"

வாய்க்காலில் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடைத்துவிடுவார்கள். அதற்குள் சேறடித்து நட்டாக வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் நாற்று கணு விட்டுவிடும். கணு விட்டதை நட்டால் தூர் கட்டிக் கிளைக்காது. புதிதாக விதை விடலாமென்றால் பட்டம் தப்பிவிடும். இந்தப் போகமே அவ்வளவுதான்.

வைரக்கண்ணுவுடையது தாழ்ந்த வயல். டிராக்டர் இறங்கினால் புதைந்துபோகும்.

ஊரில் இன்னொரு டில்லர் இருக்கிறது. அதுவும் ஏதோ சாமான் கிடைக்காமல் கொட்டகையில் கிடக்கிறது. கேட்டு என்ன பயன்? ஏர் மாடு இப்போது யாரிடமும் இல்லை.

சிங்காரவடிவேலு கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டார்.

பாட்டு ஓடியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அந்தக் கம்பெனி வண்டியை இந்த வட்டாரம் முழுக்க விற்ற மனுஷன், போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். வைரக்கண்ணுவுக்குத் தன் கவலை போய் அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"பார்ட்டக் கழட்டாம போட்டோ எடுத்து அனுப்பணும் சார். நீங்க கழட்டிட்டீங்களே. இனிமே எங்க மெக்கானிக் நேர்ல வந்து பாத்தாத்தான் வாரண்டி."

வைரக்கண்ணு போனை வாங்கினார். "வாரண்டியே வேணாம்மா. காசுக்கே குடுங்க. இப்பவே பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன்."

"திருச்சியிலயும் ஸ்டாக் இல்ல சார். வந்ததும் மெக்கானிக்கே எடுத்துட்டு வருவாரு. சனிக்கிழமைக்குள்ள வந்துடுவாரு."

கழற்றியது குற்றமாம். நல்லவேளை, கழுவியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் களத்துமேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ரோட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்த்தார். பால்காரன் போனான். கேஸ் சிலிண்டர் வண்டி போனது.

மெக்கானிக் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலை அடைத்தார்கள்.

நடவுக்குச் சொல்லிவைத்திருந்த பெண்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

போன் போட்டால் அதே பாட்டு. அந்தப் பாட்டே அவருக்கு மனப்பாடமாகிவிட்டது, கருமம்.

ஒரு நாள் காலையில் அவர் மனைவி சௌந்தரம் நாற்றங்காலில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கினாள். தண்டை விரலால் மெல்ல உருவிப் பார்த்தாள். அடியில் கணு தட்டுப்பட்டது. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதிலும்.

"ஏங்க," என்றாள். அதற்குமேல் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவருக்கும் அழுகை வந்தது. அழுதார். வயலில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது மோட்டார் சைக்கிள் ஒன்று களத்துமேட்டில் வந்து நின்றது.

தலை நரைத்த ஆள். சட்டையெல்லாம் புழுதி. பின்சீட்டில் கட்டியிருந்த அட்டைப்பெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வரப்பில் வந்தார்.

"கோச்சுக்காதீங்கய்யா. நாலு மாவட்டத்துக்கும் நான் ஒருத்தன்தான். சாப்புடக்கூட எறங்கல. சக்கரம் இந்தா இருக்கு, ஒரு மணி நேரத்துல மாட்டிடலாம். சாயங்காலமே நீங்க உழ..."

பேச்சு நின்றது. அவர் பார்வை வைரக்கண்ணுவைத் தாண்டிப் போயிருந்தது.

"ஐயையோ! மாடு! நாத்துல மாடு மேயுதுய்யா!"

பெட்டியை வரப்பில் போட்டுவிட்டு ஓடினார். வேலியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு நாற்றங்காலில் இறங்கினார். மாடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"அடிக்காதீங்க தம்பி," என்றார். "நாந்தான் அவுத்து விட்டேன்."