இரண்டாவது படகு

“வண்டியத் திருப்பு! மொதல்ல காலனிக்குப் போ!”

கொட்டுகிற மழையில் ரோட்டை மறித்து நின்றார் ஊர்த்தலைவர் கோதண்டபாணி.

பிரேக் போட்டான் நாசர். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிற பிக்கப் அவனுடையது. இன்றைக்கு ஜாடிகளுக்குப் பதில், அதே வைக்கோல்மேல், பரங்கிப்பேட்டையிலிருந்து ஏற்றி வந்த மீன்பிடிப் படகு. பாதிப் படகு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“உங்க மருமக நெறமாசமா மாடியில நிக்கிறாங்களாமே, தலைவரே?”

“நிக்கட்டும்ப்பா. எங்க தெருவுல எல்லாம் மாடி வூடு. அங்க கூரையே முழுகிக்கிட்டு இருக்குது. உசுரு எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

ரோட்டில் ஒதுங்கியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “மனுசன்னா இவருதான்யா.”

காலனிக் கூரைமேல் உட்கார்ந்திருந்த அன்புக்கரசிக்கு, படகு வந்ததைவிட அதை அனுப்பியது யார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. எம்.ஏ. படிக்கிறவள். டீக்கடையில் தெருவுக்கு ஒரு டம்ளர், காலனிக்கு ஒரு டம்ளரா என்று இதே கோதண்டபாணியிடம் நடுரோட்டில் சண்டை போட்டவள்.

“செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா” என்றார் படகுக்காரர் பாவாடை.

சுருக்கென்றது அவளுக்கு. “இங்கயுமா?”

“படகு எங்களுக்குச் சாமிம்மா. கலெக்டரே வந்தாலும் கழட்டணும்.”

சிரித்துவிட்டாள். கழற்றிப் பலகைக்கு அடியில் செருகினாள்.

ரோட்டில் இறங்கியதும் வெறுங்காலோடு நேரே கோதண்டபாணியிடம் போய்க் கைகூப்பினாள். “ஐயா, உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க.”

“படிச்ச புள்ளைங்களுக்கு அவசரம் ஜாஸ்தி” என்றார் அவர், பெருந்தன்மையாக.

காலனியில் கடைசி ஆள்வரை கரையேற்றியாயிற்று. நாலு பேர் தூக்கிக் கொடுக்க, படகு மறுபடி பிக்கப்பில் ஏறியது. ஊர்த்தெரு முனைக்கு விரட்டிக்கொண்டு வந்தான் நாசர்.

“எறக்குங்கப்பா, சீக்கிரம்!”

“இரு, இரு. இத ஏன் இங்க கொண்டாந்த?” என்றார் கோதண்டபாணி. “ரெண்டு படகு வருதுன்னாங்களே, இன்னொண்ணு எங்க?”

“அந்த வண்டி சேத்தியாத்தோப்புல தண்ணியில நின்னுபோச்சுங்க.”

“அப்ப அது வரட்டும்.”

“இந்தப் படகுக்கு என்னங்க கொறச்சல்?”

“இது அவங்களுக்குன்னு அனுப்புனது. எங்க வூட்டுப் பொம்பளைங்க இதுல எப்பிடிப்பா ஏறுவாங்க?” குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட இல்லை.

மாடியிலிருந்து மருமகள் இளமதி அலறினாள். வலி கண்டுவிட்டது.

“மாமா! எதுனா ஒண்ணுல இட்டுக்குனு போங்க மாமா!”

“பல்லக் கடிச்சிக்க தாயி! நம்ம படகு வருது!”

படகு இறக்க ஒத்தாசையாகப் பிக்கப்பிலேயே வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அன்புக்கரசிக்கு, சற்றுமுன் கூப்பிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாசர் பாவாடையைப் பார்த்தான். பாவாடை நாசரைப் பார்த்தார்.

“சரிங்க தலைவரே. நான் போயி அந்த வண்டியக் கட்டி இழுத்துக்குனு வரேன்.” படகோடும் பாவாடையோடும் கிளம்பிவிட்டான்.

இளமதியின் அலறல் முனகலாகித் தேய்ந்த நேரத்தில் ஒரு வெள்ளை பிக்கப் வந்தது. வேறு டிரைவர். மேலே நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய படகு. கூடவே பாவாடை.

“நீதானய்யா அங்கயும் ஓட்டுன? படகு வேறதானே?” என்று பாவாடையைக் கேட்டார் கோதண்டபாணி.

“வண்டியே வேறயாச்சுங்களே! சுனாமிக்கு அப்புறம் குடுத்த படகுங்க, எல்லாம் ஒரே அச்சாத்தான் இருக்கும். செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க.”

கழற்றிவிட்டு ஏறினார்.

இளமதியை இறக்கிப் படகில் கிடத்தினார்கள். ரோடு வந்து சேர்வதற்குள், சேலையை மறைப்பாகப் பிடித்த பெண்களுக்கு நடுவே, குழந்தை வீலென்று கத்தியது.

“பேரன்!” கோதண்டபாணி கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். “நல்லவேளை, காத்திருந்தேன்! எம் பேரன் சுத்தமான எடத்துல பொறந்துட்டான்!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் அன்புக்கரசி.

“ஐயா, பேரனக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா? அந்தப் பலகைக்கு அடியில எஞ்செருப்பு கெடக்குது, எடுத்துக்கிறேன்.”