வார்சாவிலிருந்து நாலேகால் மணி நேரம்

மார்ச் 14, வெள்ளி. இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். வார்சாவிலிருந்து லிஸ்பனுக்கு 2,760 கிலோமீட்டர், விமானத்தில் நாலேகால் மணி நேரம். அதுவரை சரியாகவே எழுதினேன். எங்கள் லிஸ்பன் கடிகாரம் வார்சாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டேன்.

"தெல்மு, உன் விமானம் வழியில இறங்கிக் காபி குடிச்சிட்டு வருதா?" என்றார் பயணச்சீட்டுப் பாடம் எடுக்கும் ஆசிரியை. வகுப்பே சிரித்தது.

வீடு திரும்பியபோது, கீழ்வீட்டு எர்மெலிண்டா அம்மா கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஞாயிறன்று அவருக்கு எழுபது வயது. சமையலறைத் தொட்டியில் விருந்துக்கான உப்பு மீன் ஊறிக்கொண்டிருந்தது. வாய் நீளமான அவருடைய இரண்டு தங்கைகளும் குடும்பத்தோடு வருகிறார்கள். வார்சாவில் வேலை பார்க்கும் மகன் துவார்த்தும் இரண்டு வருடங்களுக்குப் பிறகு வருகிறான்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல அவன் அங்க மொத விமானத்தைப் பிடிச்சா, நம்ம வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவான்? தப்பில்லாமச் சொல்லணும்."

தாளை எடுத்தேன். பத்து மணிக்குப் புறப்பாடு. நாலேகாலைக் கூட்டினேன், ஒன்றைக் கழித்தேன். ஒன்றேகாலுக்கு இறங்கும். பெட்டி, மெட்ரோ எல்லாம் சேர்த்து வீட்டுக்கு இரண்டரை. மூன்று முறை சரிபார்த்தேன்.

அந்த நேரம் துவார்த்தே கூப்பிட்டான். கையெல்லாம் மீன் என்பதால் அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் வந்துடறேன். வழக்கம்போல ஒரு மணிக்குச் சாப்பாடுதானே?"

பதினொன்றா? என் தாளைப் பார்த்தேன். மறுபடியும் எங்கோ பிசகிவிட்டேன்.

"வேண்டாம்டா. அடுப்பு மக்கர் பண்ணுது. மூணு மணிக்கு வா. அதுக்கு முன்னாடி வாசப்படி மிதிச்சே, தோலை உரிச்சிடுவேன்."

"ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு மூணு மணிக்கா? அப்பா இருந்திருந்தா வீட்டை விட்டே போயிருப்பாரு!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றேன். "என் கணக்கு தப்பு போல. அவரு பதினொண்ணுக்கே வர்றாருன்னா..."

"உன் கணக்கு சரிதான் தம்பி. அவன்தான் கணக்குப் போடல." துண்டில் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "அங்க வேலை போய் நாலு மாசமாச்சு. எங்கிட்டச் சொல்ல வெக்கம். பதினொண்ணுக்கு வந்து நின்னா, என் தங்கச்சிங்க முன்னாடி மாட்டிக்குவான்ல?"

"அப்போ இப்ப எங்க இருக்காரு?"

ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஆற்றை மோவாயால் காட்டினார்.

"அக்கரைல. படகுல இருபது நிமிஷம். துறைல மீன் விக்கிற பிலோமெனா தினமும் பாக்கறா."

நாளைய வேலை: ஞாயிறன்று வார்சாவில் வானிலை எப்படி என்று பார்த்து எர்மெலிண்டா அம்மாவிடம் சொல்ல வேண்டும். அங்கே பனி கொட்டினால், இங்கே சாப்பாடு நாலு மணிக்கு.